வேல்விழியின் நாற்பது தாள்கள்

பயிற்சி வகுப்பைச் சாப்பாட்டுக்கு முன்னால் வைக்கக் கூடாது. பசித்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் ஏறாது. சாப்பிட்ட கையோடும் வைக்கக் கூடாது. காலை ஏழு மணிக்கு டூட்டி ஏறிய நர்சுகள் உட்கார்ந்ததும் கண் அசந்துவிடுவார்கள். மூன்று மணிக்கு, டீ கொடுத்த பிறகு வைக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு வாரம் வீணாய்ப் போன பிறகு நானாகக் கண்டுபிடித்தது.

இன்ஸ்பெக்டர் இசக்கிப்பாண்டி சார், பிச்சைமணி இறந்த அன்று நடந்ததை மட்டும் எழுதித் தந்தால் போதும் என்றீர்கள். போதாது. நான் இருபத்தெட்டு வருஷம் நோயாளிகளின் ஆவணம் பார்த்தவன். பாதியிலிருந்து எழுதிய கேஸ் ஷீட்டை எந்த டாக்டரும் மதிப்பதில்லை. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். இன்று காலை நானாக ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்கு வந்தேன் என்பதையும் எங்காவது குறித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சண்முகநாதன். வயது ஐம்பத்தாறு. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் டாக்டர் ஸ்டான்லி நடத்தும் அறுபது படுக்கை ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு அறை என் பொறுப்பு. பழைய நோயாளி ஒருவர் வந்து பெயரும் ஊரும் சொன்னால் போதும், இரண்டு நிமிடத்தில் அவர் தாளை எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஆஸ்பத்திரியில் எல்லோரும் என்னை ரெக்கார்டு அண்ணாச்சி என்பார்கள். டாக்டர் ஸ்டான்லிகூட என் அறைக்குள் வரும்போது கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார்.

இந்த வருஷம் ஏப்ரலில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று முடிவானது. யாராவது ஒருவர் மதுரைக்குப் போய் இரண்டு நாள் படித்துவிட்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். நர்சுகளை அனுப்பினால் வார்டு ஓடாது. டாக்டர்களுக்கு நேரமில்லை. "அண்ணாச்சி, நீங்கதான் போயிட்டு வரணும். ஒங்க ரூமைத்தான அது விழுங்கப் போவுது," என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். இரண்டு நாளில் நூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் உட்கார்ந்து அதை நான்கு முறை படித்தேன். ஐம்பத்தாறு வயதில் எத்தனை பேர் அப்படிப் படிப்பார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இருபத்து மூன்று நர்சுகள். இரண்டு கம்ப்யூட்டர்கள். அதில் ஒன்றுக்குக் கரண்டு போனால் ஒன்பது நிமிடம்தான் உயிர். சாரல் காலத்தில் தென்காசியில் கரண்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த பழைய காலண்டர் அட்டைகளைச் சேர்த்து, பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கீபோர்டு வரைந்தேன். இருபத்து மூன்று அட்டைகள். ஆளுக்கொன்றை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து தட்டிப் பழகுவார்கள். பிறகு வரிசையாக வந்து நிஜக் கம்ப்யூட்டரில் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நானே எழுப்பிவிடுவேன்.

அட்டையைப் பார்த்ததும் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். எழுத்து எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு அட்டை சரியில்லை, வெளிச்சம் சரியில்லை, நாற்காலி சரியில்லை. முதல் வாரம் முழுவதும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பயிற்சிக்கென்று தனி ஏற்பாடு எதுவும் கம்ப்யூட்டரில் கிடையாது. அதனால் ஒரு வழி செய்தேன். பழைய நோயாளிகளின் தாள்களை ஆளுக்கு நாற்பதாகப் பிரித்துக் கொடுத்து, அவற்றையே ஏற்றிப் பழகச் சொன்னேன். அவர்களும் படித்துக்கொள்வார்கள், பழைய ஆவணமும் உள்ளே போய்விடும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று டாக்டர் ஸ்டான்லி எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்த யோசனை என்னுடையது. விசாரணை அறிக்கையில் அது ஆஸ்பத்திரியின் யோசனை என்று போட்டிருக்கிறார்கள்.

இனி வேல்விழி. வாசுதேவநல்லூர்ப் பக்கத்துப் பெண், வயது இருபத்தாறு. அவசரப் பிரிவில் நர்ஸ். அவளை எனக்குப் பிடிக்காது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள், அதனால் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் வகுப்பில் நோயாளியின் பழைய விவரத்தைத் தேடி எடுப்பது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் இருக்கிறபடி எட்டு இடத்தில் அமுக்க வேண்டும். பின்னால் நின்றுகொண்டிருந்தவள், "அண்ணாச்சி, எட்டு எடம் எதுக்கு? இங்கன மூணு எடத்துல அமுக்குனாலே வந்துருதே," என்று கையை நீட்டி அமுக்கிக் காட்டினாள். வந்துவிட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். அவள் என்னைக் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு செய்தாள்.

அதன் பிறகு சந்தேகம் வந்தவர்கள் அவளிடம் போனார்கள். டீ குடிக்கும்போது, டூட்டி மாறும்போது, மாடிப்படியில் நின்றுகொண்டு என்று அவள் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ரெபேக்காள் சிஸ்டருக்கு என்னை விட நான்கு வயதுதான் குறைவு. இருபது வருஷமாக என் அறையில் வந்து உட்கார்ந்து பேசுகிறவர். கீபோர்டைத் தொட்டாலே அவருக்கு வியர்க்கும். அவருக்கென்று தனியாக அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். ஒரு நாள் அவரும், "ஏட்டி வேலு, இங்கன வா. இது என்னமோ செவப்பா சொல்லுது," என்று நான் பக்கத்தில் நிற்கும்போதே அவளைக் கூப்பிட்டார். அது எனக்கு மிகவும் வலித்தது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

நாற்பது தாள்களையும் முதலில் முடித்தவள் அவள்தான். நான் சரிபார்த்தேன். பயிற்சி கொடுப்பவன் சரிபார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர், வயது, ரத்த வகை, போட்ட மருந்து, ஆகாத மருந்து என்று வரி வரியாகப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. மற்றவர்கள் தாளில் குறைந்தது ஐந்தாறு இருந்தது. ரெபேக்காள் சிஸ்டர் ஓர் ஆணைப் பிரசவ வார்டில் சேர்த்திருந்தார். வேல்விழியின் நாற்பதை இரண்டாம் முறையும் பார்த்தேன். மூன்றாம் முறையும் பார்த்தேன்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்தப் பெண்ணுக்குச் சறுக்கவில்லை. அதனால் நான் கொஞ்சம் எண்ணெய் விட்டேன்.

எப்படி என்று கேட்பீர்கள். முதல் நாள் எல்லோருக்கும் பாஸ்வேர்டு வைத்துக் கொடுத்தவன் நான்தான். அதை அவரவர் மாற்றிக்கொள்வது எப்படி என்பது புத்தகத்தில் பத்தாவது பாடம். நேரம் போதாததால் நாங்கள் ஏழாவது பாடத்தோடு நிறுத்திக்கொண்டோம். ஜூலை முதல் வாரத்தில் ஒரு புதன்கிழமை, மூன்றரை மணிக்கு, வேல்விழியின் பெயரில் உள்ளே போனேன். அவள் ஏற்றிய நாற்பதில் ஒன்றைத் திறந்தேன். ஆகாத மருந்து உண்டா என்று ஒரு கட்டம் இருக்கும். உண்டு என்றால் சிவப்பு, இல்லை என்றால் பச்சை. அவள் உண்டு என்று போட்டு, பக்கத்தில் பென்சிலின் என்று தெளிவாக எழுதியிருந்தாள். அதை எடுத்துவிட்டு இல்லை என்று மாற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை டாக்டர் ஸ்டான்லி முன்னிலையில் எல்லோருடைய வேலையையும் பரிசீலிப்பதாக இருந்தது. இந்தத் தாளை எடுத்து வைத்து, சிவப்பு மையில் எழுதியிருப்பதைக்கூடக் கவனிக்காமல் விட்டிருக்கிறாயே அம்மா என்று சாந்தமாகக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். வேறு எந்த எண்ணமும் இல்லை. ஆனால் அந்த வாரம் சாரல் வலுத்துவிட்டது. அருவியெல்லாம் கூட்டம். வழுக்கி விழுந்தவர்கள், குரங்கு கடித்தவர்கள், மூச்சுமுட்டியவர்கள் என்று வார்டு நிறைந்துவிட்டது. பரிசீலனையை டாக்டர் தள்ளிப்போட்டார். அவர் தள்ளிப்போட்டதற்கு நான் பொறுப்பில்லை.

நான் மாற்றிய தாள் பிச்சைமணியுடையது.

நாற்பதில் அதை ஏன் எடுத்தேன் என்றால், சிவப்பு மை பளிச்சென்று தெரியும் தாள் அது ஒன்றுதான். அந்தச் சிவப்பு மை என்னுடையது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலோடு வந்தவருக்கு ஊசி போட்டதும் முகம் வீங்கி மூச்சு நின்றுவிடும் போலாகி, டாக்டர் ஸ்டான்லி பக்கத்திலேயே இருந்ததால் பிழைத்தார். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் தொழில். எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்குக் கிளம்பும்போது மருந்தின் பெயரை மூன்று முறை சொல்லிப் பார்த்தார், வாயில் நிற்கவில்லை. "நீரு எதையும் ஞாபகம் வச்சுக்கிட வேண்டாம். இங்கன எழுதிட்டேன்லா. எப்ப வந்தாலும் நாங்க பாத்துக்கிடுவோம்," என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். நல்ல மனிதர். தீபாவளிக்குத் தீபாவளி எனக்கு ஒரு புட்டி எண்ணெய் கொண்டுவந்து கொடுப்பார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஐந்தருவியில் பாசியில் வழுக்கி, கையிலிருந்த எண்ணெய்ப் புட்டி உடைந்து, கண்ணாடி உள்ளங்காலில் ஏறியிருந்தது. என் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் அவ்வளவு வலியிலும் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

அவசரப் பிரிவில் வேல்விழிதான் இருந்தாள். டூட்டி டாக்டர் காலைத் தைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் பச்சையைப் பார்த்து, பென்சிலின் வகை ஊசி எழுதிவிட்டுப் பக்கத்து நோயாளியிடம் போய்விட்டார். வேல்விழி எல்லோரிடமும் கேட்பது போல இவரிடமும் கேட்டிருக்கிறாள். "என்னமோ ஒரு ஊசி எனக்கு ஆகாதும்மா. பேரு தெரியாது. அண்ணாச்சி அப்பமே எழுதி வச்சிருக்காவ. அதுல பாத்துக்கிடுங்க," என்று இவர் சொல்லியிருக்கிறார். அவள் மறுபடி பார்த்தாள். பச்சைதான். உடனே ரெக்கார்டு அறைக்கு ஓடிவந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜூலை ஒன்றாம் தேதிக்குப் பிறகு யாரும் தாளைக் கேட்டு என் அறைக்கு வரக் கூடாது, வந்தால் பெயரை எழுதி டாக்டரிடம் கொடுப்பேன் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். தாள் கிடைக்கும் என்றால் ஒருவரும் கம்ப்யூட்டரைத் தொட மாட்டார்கள். மதுரையில் சொல்லிக் கொடுத்ததும் இதுதான். அந்தக் கட்டுப்பாட்டை மீறி முதன்முதலில் வந்தவள் வேல்விழி.

"அண்ணாச்சி, குத்தாலத்துல எண்ணெ தேய்க்காவல்லா பிச்சைமணி, அவுக பழைய தாளு வேணும். ஏதோ ஊசி ஆகாதுன்னு சொல்லுதாவ. சிஸ்டத்துல பச்சையாக் கெடக்கு."

"அதை யாரு ஏத்துனது?"

"நான்தான் அண்ணாச்சி."

"அப்பொறம் என்ன? ஒனக்கே ஒன்மேல நம்பிக்கை இல்லையா?"

அவள் அலமாரியைப் பார்த்தாள். "ஒரு வாட்டி பாத்துருவமே அண்ணாச்சி. எனக்கு என்னமோ செவப்பா பாத்த மாதிரி இருக்கு," என்றாள்.

"நாப்பது தாளுல எது செவப்பு எது பச்சைன்னு எப்படிம்மா ஞாபகம் இருக்கும்? தாளெல்லாம் கட்டிப் போட்டாச்சு. போ தாயி, அங்கன கூட்டம் நிக்குது," என்றேன்.

போனாள். தாள் என் தலைக்கு மேலே மூன்றாவது தட்டில் இருந்தது. கட்டவில்லை. கை நீட்டினால் எட்டும்.

ஏன் எடுத்துக் கொடுக்கவில்லை என்று நீங்கள் மேசையைத் தட்டிக் கேட்டீர்கள். தட்ட வேண்டியதில்லை, சொல்கிறேன். கொடுத்திருந்தால் அவள் சிவப்பு மையைப் பார்த்திருப்பாள். தான் சரியாகத்தான் ஏற்றினோம் என்பது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். வராவிட்டாலும், ஓர் உயிரைக் காப்பாற்றியவள் என்று ஆஸ்பத்திரி முழுக்க அவள் பேச்சாகத்தான் இருந்திருக்கும். பரிசீலனையில் நான் சொல்ல வைத்திருந்ததை முதலிலேயே அவள் போய்ச் சொல்லியிருப்பாள். அன்றைக்கும் அவள்தான் ஜெயித்திருப்பாள். அதோடு, ஊசி போடுவதற்கு முன்னால் கையில் கொஞ்சம் போட்டுப் பார்ப்பார்கள், ஆகாவிட்டால் தடித்துவிடும், நிறுத்திவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் யோசிக்காதவன் இல்லை.

போட்டுப் பார்த்தார்கள். இருபது நிமிடம் காத்திருந்தார்கள். தடிக்கவில்லை. சிலருக்குத் தடிக்காது என்று விசாரணைக்கு வந்த டாக்டரம்மா பிறகு சொன்னார். எனக்கு அது தெரியாது, நான் டாக்டர் இல்லை. இருபது நிமிடம் நிறைய நேரம் என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். அந்த நேரத்தில் நான் பெயர் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். 'ம' வரிசை முழுவதும் முடிந்தது.

பதினொன்று இருபதுக்கு முழு ஊசி போட்டார்கள். டிராலி ஓடும் சத்தம் கேட்டது. யாரோ ஆக்சிஜன் ஆக்சிஜன் என்று கத்தினார்கள். வேல்விழியின் குரலும் கேட்டது. டாக்டர் ஸ்டான்லி அன்று திருநெல்வேலிக்குப் போயிருந்தார். பன்னிரண்டு மணிக்கு முன்னால் எல்லாம் அடங்கிவிட்டது. நான் எழுந்து போகவில்லை. அவசரப் பிரிவில் எனக்கு என்ன வேலை.

மறுநாள் விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். பழைய தாள் இருக்கிறதா என்று கேட்டார்கள். இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். அந்த டாக்டரம்மா தாளைப் புரட்டிவிட்டு, இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறீர்களே என்று பாராட்டினார். தாளில் சிவப்பு. கம்ப்யூட்டரில் பச்சை. ஏற்றியவர் பெயர் வேல்விழி. அவர்களுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. தாளைக் கேட்டு என்னிடம் வந்ததாக அவள் சொன்னாள். என்னை ஒரு வார்த்தை கேட்டார்கள். வந்ததாக எனக்கு நினைவில்லை என்றேன்.

பிச்சைமணியின் மனைவி முருகம்மாள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். "பாத்துக்கிடுங்கன்னு சொன்னாவளாமே, பாத்தியாட்டி? நீ நல்லா இருப்பியா?" என்று கேட்டாள். வேல்விழி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தலையிலும் சட்டைக் காலரிலும் மண். தட்டிவிடவில்லை. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன், அறைக்குள் தூசி வந்தால் தாளெல்லாம் கெட்டுப்போகும்.

வேலையிலிருந்து நிறுத்திவைத்த கடிதம் கையில் கிடைத்த அன்று அவள் என் அறைக்கு வந்தாள். அழவில்லை. "அண்ணாச்சி, நான் அதைச் செவப்பா ஏத்துனேன்னு என் கண்ணு சொல்லுது. இல்லைன்னு சிஸ்டம் சொல்லுது. நான் எதை நம்பட்டும்?" என்று கேட்டாள். பதிவில் இருப்பதுதான் பேசும், மனுஷன் நினைப்பு பேசாது என்று வகுப்பில் முதல் நாளே சொல்லியிருக்கிறேனே என்றேன். சரி அண்ணாச்சி என்று தலையாட்டினாள். மறுநாள் விசாரணையில், நான்தான் தப்பாகத் தட்டியிருக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். நேற்று முன்தினம் நீங்கள் அவளைக் கைது செய்தீர்கள்.

இதெல்லாம் நடந்து முடிந்துவிட்டதே, இப்போது ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். மனசாட்சி உறுத்தியதா என்றும் கேட்டீர்கள். நீங்கள் நல்லவர், அப்படித்தான் கேட்பீர்கள்.

நேற்று விசாரணை அறிக்கையின் நகல் ஆஸ்பத்திரிக்கு வந்தது. பதினான்கு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பத்தி: ஊழியருக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி போதுமானதாக இல்லை, அட்டையில் வரைந்த கீபோர்டில் பழகியவரிடம் இத்தகைய பிழை எதிர்பார்க்கக் கூடியதே, பயிற்சி அளித்தவர் தகுதியுள்ளவரா என்பதை நிர்வாகம் பரிசீலிக்க வேண்டும். டாக்டர் ஸ்டான்லி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை உங்களால் புரிந்துகொள்ள முடியாது. அறிக்கையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கதவைத் தட்டாமல் உள்ளே வந்திருந்தார்.

இருபத்து மூன்று பேர், இரண்டு கம்ப்யூட்டர், கரண்டு இல்லை, நேரம் இல்லை. அதிலும் கற்றுக்கொடுத்தேன். இன்று எங்கள் ஆஸ்பத்திரியில் ரெபேக்காள் சிஸ்டர்கூட யாரையும் கேட்காமல் ஒரு நோயாளியைச் சேர்க்கிறார். இதை ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரியில் அடித்துவிட்டுப் போக நான் விட மாட்டேன்.

எனவே எழுதிக்கொள்ளுங்கள். பிச்சைமணியின் பதிவை மாற்றியது நான். தாளைக் கேட்டு வந்தவளைத் திருப்பி அனுப்பியது நான். அவருக்கு என்ன ஆகும் என்று தெரிந்தே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்ததும் நான்தான். எந்தத் தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், அதைப் பற்றி நான் பேச வரவில்லை. அந்தப் பத்தியை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். வேல்விழி எந்தப் பிழையும் செய்யவில்லை. நாற்பதும் சரியாக ஏற்றினாள். எப்படித் தப்பாக ஏற்றுவாள்? அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான் இல்லையா?